மலிவான தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவின் பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டியதற்குக் காரணம் வரி உயர்வு என்று பள்ளியில் படித்தேன். விலை குறையத்தான் செய்தது என்று இப்போது என் மகன் சொல்கிறான். எது சரி? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி. அப்போது அமெரிக்கா பிரிட்டனின் ஆட்சிக்குள் இருந்தது. 1773 மே மாதம் லண்டன் நாடாளுமன்றம் கொண்டுவந்த தேயிலைச் சட்டத்தில் புதிய வரி எதுவும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது, கிடங்குகளில் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது, அதை இடைத்தரகர் இல்லாமல் நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி விற்க அனுமதி கொடுத்து, இங்கிலாந்தில் கட்டிய சுங்கத்தையும் திருப்பித் தந்தார்கள். அதனால்தான் மலிவானது. ஆனால் 1767-ல் போட்ட பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் அப்படியே இருந்தது. கண்ணாடி, காகிதம், பெயிண்ட், ஈயம் இவற்றின் வரியையெல்லாம் 1770-ல் எடுத்தவர்கள், உங்கள்மேல் வரி போடும் அதிகாரம் எங்களுக்கு உண்டு என்று நிலைநாட்டவே தேயிலை வரியை விட்டுவைத்தார்கள். நாடாளுமன்றத்தில் தங்களுக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லாதபோது, விலை குறைவு என்று வாங்கிக் குடித்தால் அந்த அதிகாரத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று குடியேற்றவாசிகள் நினைத்தார்கள். என்னைக் கேட்டால், மிகச் சரியாகவே கணித்தார்கள்.

வியாபாரிகளின் வயிற்றெரிச்சலும் இதில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஹாலந்துத் தேயிலையைக் கடத்திவந்து விற்றவர்களுக்குப் பிழைப்பு போகும் நிலை, கம்பெனி சரக்கை விற்கும் உரிமையோ குறிப்பிட்ட சிலருக்கு மட்டும். பாஸ்டனில் அந்தச் சிலரில், பாஸ்டன் இருந்த மாசசூசெட்ஸ் மாகாணத்தின் ஆளுநர் ஹட்சின்சனின் இரண்டு மகன்களும் இருந்தார்கள்.

தேயிலையைக் கொட்டிய அந்த இரவைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். கப்பல் வந்து 20 நாளுக்குள் தீர்வை கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைப் பறிமுதல் செய்யலாம், முதலில் வந்த டார்ட்மவுத் கப்பலுக்கு டிசம்பர் 17-ம் தேதியோடு கெடு முடிகிறது. 16-ம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு பெரிய தேவாலயத்தில் கூடியிருக்க, கப்பல் திரும்பிப் போக அனுமதி கேட்டு அதன் உரிமையாளர் ஹட்சின்சனிடம் போய் வெறுங்கையோடு வருகிறார். அதன் பிறகுதான் முகத்தில் கரி பூசிக்கொண்டு, மோஹாக் பழங்குடியினர்போல வேடமிட்டவர்கள் மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளைக் கோடரியால் பிளந்து கொட்டினார்கள். கடல் வற்றியிருந்த நேரம், தண்ணீர் ஆழமில்லை, கொட்டிய தேயிலை கப்பலோரமாகவே குவிந்து நின்றது. கோட்டின் உள்துணிக்குள் தேயிலையை அமுக்கிக்கொண்ட ஒருவரைப் பிடித்து உருவிவிட்டிருக்கிறார்கள். திருட வந்த கூட்டம் என்று பெயர் வரக்கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

கேள்வி: அந்தத் தேயிலை இந்தியாவிலிருந்து போனதா? (வாசகர், கோவை)

பதில்: இல்லை, சீனத் தேயிலை. ஆனால் இந்தியா அந்தப் பேச்சில் இருந்தது. 1770-ல் வங்காளப் பஞ்சத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மாண்ட செய்தி அமெரிக்கா வரை போயிருந்தது, அதைச் சுட்டிக்காட்டி, இதே கம்பெனிதான் நாளை நம் நாட்டிலும் கால் வைக்கப்போகிறது என்று பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் 1773-ல் எழுதினார்.

கேள்வி: 1770 பாஸ்டன் படுகொலை திட்டமிட்டுச் செய்ததா? (வாசகர், மதுரை)

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 1768-லிருந்து ஊருக்குள் பிரிட்டிஷ் படை நின்றது, வேலை இல்லாத நேரத்தில் சிப்பாய்கள் குறைந்த கூலிக்கு உள்ளூர் வேலைகளுக்குப் போனார்கள், அதனால் கயிறு திரிக்கும் பட்டறை ஒன்றில் சில நாள் முன்புதான் அடிதடி நடந்திருந்தது. மார்ச் 5 இரவு சுங்க அலுவலகக் காவலாளியைக் கூட்டம் சூழ்ந்து பனிக்கட்டிகளை வீச, உதவிக்கு வந்த சிப்பாய்கள் சுட்டார்கள், 5 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸ், கறுப்பின, பழங்குடி வம்சாவளிக் கப்பல் தொழிலாளி. ஆனால் பாஸ்டன் வெள்ளி வேலைக்காரர் பால் ரிவியர் வெளியிட்ட படத்தில் சிப்பாய்கள் வரிசை கட்டி நின்று, அதிகாரி கை காட்டச் சுடுவதுபோல இருக்கும், அந்தப் படம்தான் மக்கள் மனதில் நின்றது. சிப்பாய்களுக்காக வாதாடியவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ். அதிகாரியும் 6 சிப்பாய்களும் விடுதலையானார்கள், இரண்டு பேருக்குக் கட்டைவிரலில் சூடு. ஊரே கொதித்துக்கொண்டிருந்தபோது அந்த வழக்கை எடுத்த ஆடம்ஸின் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே சுதந்திரம்தான் கேட்டார்களா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: இல்லவே இல்லை. 1765-ல் பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு வரை முத்திரை வரி போட்டபோது தெருவில் இறங்கியவர்கள், அடுத்த ஆண்டு அது ரத்தானதும் மன்னரை வாழ்த்தினார்கள், நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜுக்குச் சிலையே வைத்தார்கள். சண்டை நாடாளுமன்றத்தோடுதான் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தவை 1774-ன் தண்டனைச் சட்டங்கள். ஒரு இரவில் சிலர் தேயிலையைக் கொட்டியதற்காகப் பாஸ்டன் துறைமுகத்தையே மூடி, மாசசூசெட்ஸ் மக்கள் ஊர்க்கூட்டம் நடத்தக்கூட ஆளுநரின் அனுமதி வேண்டும் என்றார்கள். லண்டன் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான் என்பேன், ஏனென்றால் அதுவரை தனித்தனியாக இருந்த 12 குடியேற்றங்கள் செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஒன்றாக உட்கார்ந்தன. 1775 ஏப்ரலில் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையோடு மோதித் துப்பாக்கி வெடித்த பிறகும், ஜூலையில் மன்னருக்குச் சமாதான மனு அனுப்பினார்கள். மன்னர் அதை வாங்கவே மறுத்து, ஆகஸ்டில் அவர்களைக் கலகக்காரர்கள் என்று அறிவித்தார். அந்த மனுவை எழுதியதில் முக்கியமானவர் மேலே சொன்ன அதே டிக்கின்சன்தான். 1776 ஜூலையில் சுதந்திரத்துக்கான வாக்கெடுப்பில் கலந்துகொள்ள அவருக்கு மனம் வரவில்லை, ஆனாலும் அப்புறம் தன் மாகாணப் படையோடு சேர்ந்து போர்க்களத்துக்குப் போனார்.