ஆக்குபேஷனல் தெரபி முதுநிலைப் படிப்பு: அமெரிக்காவில் விண்ணப்பிப்போர் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (ஓ.டி.), அதாவது நோயாலோ காயத்தாலோ முடங்கியவர் உடுப்பது, உண்பது போன்ற அன்றாட வேலைகளை மீண்டும் செய்ய உதவுபவராகத் தகுதி பெற, 2007 முதல் இளநிலைக்கு மேற்பட்ட தொழிற்படிப்பு கட்டாயம். அதனால் உளவியல், உயிரியல், சமூகவியல் என்று எதை எதையோ படித்தவர்களும் இதற்கு விண்ணப்பிக்கிறார்கள். மதிப்பெண் போதாமல் இடம் கிடைக்காவிட்டால் ஒருவாறு மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஒரு சான்றுத்தாள் நேரத்துக்கு வந்து சேராததால் இடம் போவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மகள் உளவியல் முடிக்கப் போகிறாள். 2027 முதல் டாக்டர் பட்டம் கட்டாயம் என்கிறார்களே, மாஸ்டர்ஸ் படித்தால் வீணாகிவிடுமா?

வீணாகாது. அந்த அறிவிப்பு 2017-இல் வந்தது உண்மை. ஆனால் மறு ஆண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. 2019-இல் இரண்டு வழிகளும் தொடரும் என்று முடிவாயிற்று. மாஸ்டர்ஸ் முடித்தவரும் ஓ.டி.டி. எனும் டாக்டர் பட்டம் முடித்தவரும் எழுதுவது என்.பி.சி.ஓ.டி. என்ற தேசியச் சான்றளிப்பு அமைப்பின் ஒரே தேர்வு, வாங்குவது ஒரே மாநில உரிமம். இருவருக்கும் குறைந்தது 24 வாரம் முழுநேரக் களப்பயிற்சி உண்டு. ஓ.டி.டி.க்கு அதற்கு மேல் 14 வாரக் கேப்ஸ்டோன் எனும் நிறைவுத் திட்டப்பணி. நோயாளிகளோடு வேலை செய்வதுதான் ஆசை என்றால் மாஸ்டர்ஸே போதும் என்பது எங்கள் கருத்து.

கடன் கணக்கையும் இப்போதே பாருங்கள். 2026 ஜூலை 1 முதல், புதிதாகக் கடன் வாங்குவோருக்கு, முதுநிலை மாணவர்களுக்கு அரசு தந்துவந்த கிராட் பிளஸ் கடன் கிடையாது. சாதாரண கிராஜுவேட் படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர் வரைதான். ‘புரொஃபஷனல்’ என்று வகைப்படுத்தப்படும் படிப்புக்கு ஆண்டுக்கு 50,000. தான் சேரப்போகும் படிப்பு எந்த வகையில் வருகிறது என்று கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

என் ஜி.பி.ஏ. (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 2.8. அனாட்டமியில் முதலில் சி, மறுபடி எழுதி ஏ வாங்கினேன். கல்லூரி பழைய சி-யை நீக்கிவிட்டது. போதுமா?

உங்கள் கல்லூரி நீக்கியிருக்கலாம்; ஓ.டி.கேஸ் நீக்காது. பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பொதுவான அந்த விண்ணப்ப முறையில் எழுதிய ஒவ்வொரு முறையும் கணக்கில் சேரும். 4 கிரெடிட் (பாடத்தின் எடை) உள்ள பாடத்தில் சி-யும் (2) ஏ-யும் (4) என்றால் அங்கே உங்கள் சராசரி 3.0. இதை அறியாமல் பலர் தம் ஜி.பி.ஏ.யை அதிகமாக நினைத்துக்கொண்டு கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பல இடங்களில் குறைந்தபட்ச வரம்பு 3.0. 120 கிரெடிட்டுக்கு 2.8 வைத்திருப்பவர் அதைத் தொட இன்னும் 24 கிரெடிட் படித்து எல்லாவற்றிலும் ஏ வாங்க வேண்டும், அதாவது ஆறு முதல் எட்டுப் பாடங்கள். அதற்கு முன், கடைசி 60 கிரெடிட்டையோ, சேரும் முன் முடித்திருக்க வேண்டிய முன்தேவைப் பாடங்களை மட்டுமோ பார்க்கும் கல்லூரிகளைத் தேடுங்கள். அங்கே நீங்கள் இப்போதே தேறியிருக்கக்கூடும். அனாட்டமி-ஃபிசியாலஜி இரண்டு பகுதி ஆய்வகத்தோடு, புள்ளியியல், அப்நார்மல் சைக்காலஜி, வாழ்நாள் வளர்ச்சி ஆகியவை வழக்கமான முன்தேவைகள். பாடம் படித்து எத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பழைய பாடம் செல்லாது என்று கடைசியில் தெரிந்தால் ஓராண்டு போய்விடும்.

விண்ணப்பிக்கும் முன் 40 மணி நேரம் ஓ.டி. ஒருவர் வேலை செய்வதைக் கவனிக்கச் சொல்கிறார்கள். அங்கே போய் என்ன பார்ப்பது?

ஒரே இடத்தில் 40 மணி நேரத்தையும் கழிக்காதீர்கள். மருத்துவமனை, பள்ளி, முதியோர் பராமரிப்பு இல்லம் என்று இரண்டு மூன்று இடமாவது பாருங்கள்.

அங்கே ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடக் கற்றுத்தருகிறார் தெரபிஸ்ட். பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்கச் சொல்வார். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்கச் சொல்வார். காரணம் எளிது: அசைக்க முடியாத கையை, சட்டை தளர்வாக இருக்கும்போதுதான் உள்ளே விட முடியும். ஒரு கை ஏற்கெனவே சட்டைக்குள் போய்விட்டால் துணி இழுபடும், மற்றக் கையைத்தான் வளைத்து நெளித்து நுழைக்க வேண்டியிருக்கும். அந்த வளைவு நல்ல கைக்குத்தான் முடியும். இப்படி ஒரு காட்சியை அன்றன்றே குறித்து வையுங்கள். கட்டுரைக்கும் நேர்காணலுக்கும் இதுதான் கைகொடுக்கும். நோயாளியின் பெயரோ அடையாளமோ குறிப்பில் வரக்கூடாது.

கவனித்த மணி நேரத்துக்கான கையெழுத்தை அங்கே போகும் கடைசி நாளன்றே, உரிமம் பெற்ற ஓ.டி.யிடம் வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அவர் வேறு ஊருக்கு வேலை மாறியிருப்பார்.

விண்ணப்பக் கட்டுரை எப்படி எழுதுவது?

இடைவெளிகளையும் சேர்த்து 7,500 எழுத்துகள். அதே கட்டுரை எல்லாக் கல்லூரிகளுக்கும் போகும், அதனால் எந்தக் கல்லூரியின் பெயரையும் அதில் எழுதாதீர்கள். சமர்ப்பித்த பின் திருத்த முடியாது.

எழுதி முடித்ததும், ஓ.டி. என்று வரும் இடத்திலெல்லாம் பிசியோதெரபி என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். அப்போதும் பொருந்துகிறதென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ‘சிறு வயது முதலே பிறருக்கு உதவ ஆசை’ என்பது நர்ஸுக்கும் பொருந்தும், ஆசிரியருக்கும் பொருந்தும். மூட்டுவாதத்தால் விரல் மடங்காத பாட்டியின் கரண்டிப் பிடியில் ஸ்பாஞ்ச் குழாய் மாட்டித் தடிமனாக்கியதும், விரலை முழுக்க மடக்காமலே அவர் தானாகச் சாப்பிட்டதும் ஓ.டி.க்கு மட்டுமே உரிய காட்சி.

கெடு நாளுக்கு முந்தைய நாளே சமர்ப்பித்தேன். ‘முழுமையாகவில்லை’ என்று வருகிறதே?

கெடுவில் மூன்று வகை உண்டு: சமர்ப்பிக்க வேண்டிய நாள், எல்லாத் தாள்களும் வந்து சேர வேண்டிய நாள், ஓ.டி.கேஸ் சரிபார்த்து முடிக்க வேண்டிய நாள். உங்கள் கல்லூரி சொன்னது எது என்று உடனே பாருங்கள். டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) நீங்கள் படித்த கல்லூரியிலிருந்து நேராக வர வேண்டும். ஒரு செமஸ்டர் மட்டும் படித்த கம்யூனிட்டி காலேஜாக இருந்தாலும் அதிலிருந்தும் வர வேண்டும்; பெரும்பாலும் விடுபடுவது அதுதான். எல்லாம் சேர்ந்த பிறகே சரிபார்ப்பு தொடங்கும். அதனால் கெடுவுக்கு ஆறு வாரம் முன்பே முடிப்பது நல்லது. வந்த வரிசையில் இடம் நிரப்பும் கல்லூரிகளில் இன்னும் முன்னதாக.

சென்னையில் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி இளநிலை) முடித்தேன். அமெரிக்காவில் எந்தப் படிப்பில் சேரலாம்?

‘போஸ்ட்-புரொஃபஷனல்’ மாஸ்டர்ஸ் ஏற்கெனவே ஓ.டி. ஆனவர்களுக்கானது. அதில் சேர்ந்தாலே தேர்வெழுதும் தகுதி வந்துவிடும் என்று நினைத்துப் பணம் கட்டாதீர்கள். வெளிநாட்டில் படித்தவரின் தகுதியை என்.பி.சி.ஓ.டி. தனியாக, ஓடெட் என்ற மதிப்பீட்டில் பரிசீலிக்கிறது. முதலில் அதன் நிபந்தனைகளை உங்கள் பாடத்திட்டத்தோடு ஒப்பிடுங்கள், கல்லூரியை அப்புறம் தேடலாம். ஒவ்வொரு பாடத்தின் விரிவான சிலபஸையும் பயிற்சி மணி நேரச் சான்றையும் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

புதிதாகத் தொடங்கிய படிப்பில் கட்டணம் குறைவு. சேரலாமா?

ஓ.டி. படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏகோட் அமைப்பின் பட்டியலில் அதன் நிலையைப் பாருங்கள். ‘கேண்டிடசி’ என்றால் முழு அங்கீகாரம் இன்னும் வரவில்லை. அது வந்தால்தான் அந்தப் படிப்பில் பட்டம் பெற்றவர் என்.பி.சி.ஓ.டி. தேர்வெழுத முடியும். உங்கள் முதல் அணி முடிப்பதற்குள் அங்கீகாரம் வராவிட்டால் என்ன செய்வார்கள் என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள்; பதில் மின்னஞ்சலில் வரட்டும்.