பாடாத பிளேயரும் பாலிடெக்னிக் விண்ணப்பமும்

வணக்கம் அம்மா. சிங்கப்பூரில் உயர்நிலை நான்கில் படிக்கும் மகன் ராஸ்பெரி பை 4 எனும் சின்னக் கணினிப் பலகையை வைத்து வீட்டிலேயே ஆடியோ பிளேயர் செய்கிறான், பாதிப் பாட்டில் நின்றுபோகிறது, சில நாள் சத்தமே வருவதில்லை, புதுப் பலகைக்குக் காசு கேட்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓ நிலைத் தேர்வு ஆண்டில் இது தேவையா, அவனிடமிருந்து வாங்கி அலமாரியில் பூட்டிவிடலாமா என்பது உங்கள் கேள்வி. பூட்ட வேண்டாம். இப்போதைக்குப் புதுப் பலகையும் வேண்டாம். பழுது எங்கே என்று அவனே கண்டுபிடிக்கட்டும். பலதுறைத் தொழிற்கல்லூரி (பாலிடெக்னிக்) நேர்காணலில் அவனுக்குக் கைகொடுக்கப்போவது அந்தத் தேடல்தான்.

அடுத்த சில பத்திகளை அவனிடமே படிக்கக் கொடுங்கள்.

பாதிப் பாட்டில் நிற்பதென்றால் முதலில் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். பழைய கைத்தொலைபேசி சார்ஜரும் மெல்லிய கேபிளும் சும்மா இருக்கும்போது சமாளிக்கும். பாட்டு ஓடி, பாட்டுகள் உள்ள வட்டும் (ஹார்ட் டிஸ்க்) சுழலத் தொடங்கியதும் வோல்ட் இறங்கிவிடும். சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பலகை எச்சரிக்கும். திரை இணைத்திருந்தால் மின்னல் குறி தெரியும். ஆனால் பிளேயருக்குப் பெரும்பாலும் திரை இருக்காது, அதனால் எச்சரிக்கை யார் கண்ணிலும் படாது. மடிக்கணினியிலிருந்து உள்நுழைந்து ‘கெட் த்ராட்டில்டு’ கட்டளையைக் கொடுத்துப் பார்க்கட்டும். வெறும் பூஜ்யம் வந்தால் மின்சாரம் சரி. 50000 என்று வந்தால், இயக்கியதற்குப் பிறகு எப்போதோ ஒருமுறை வோல்ட் குறைந்து, வேகமும் மட்டுப்பட்டிருக்கிறது. 50005 என்றால் இந்த நொடியிலும் குறைவாகவே இருக்கிறது.

பாட்டுகள் யூஎஸ்பி வட்டில் இருந்தால் அதையும் சந்தேகிக்க வேண்டும். பை 4இன் நான்கு யூஎஸ்பி வாய்களுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான். வட்டைக் கழற்றிவிட்டு, நான்கைந்து பாட்டை மெமரி கார்டில் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கட்டும். நிற்காமல் ஓடினால் தனி மின் இணைப்புள்ள யூஎஸ்பி ஹப் போதும், புதுப் பலகைக்கு வேலையே இல்லை. மல்டிமீட்டர் இருந்தால் பாட்டு ஓடும்போது பலகையின் 2ஆம், 6ஆம் பின்களுக்கு இடையே வோல்ட் அளக்கலாம். முனை வழுக்கி 2ஆம் பின்னையும் பக்கத்து 1ஆம் பின்னையும் ஒன்றாகத் தொட்டால் 5 வோல்ட் 3.3 வோல்ட்டில் பாய்ந்து பலகை போய்விடும். அவசரப்படாமல் அளக்கச் சொல்லுங்கள்.

சத்தமே வராதது வேறு கதை, கற்றுக்கொள்ள அதிகம் இருப்பதும் இதில்தான். அவன் வாங்கியது பிசிஎம்5102 சில்லு உள்ள மலிவான டிஏசி பலகை (டிஜிட்டல் தரவை ஒலியாக மாற்றுவது) என்றால், ‘ஏபிளே’ கட்டளையில் ஒலி அட்டைகளின் பட்டியலை எடுப்பான். அதில் பெயர் இருக்கும். உடனே வயரிங் சரி, மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவு கட்டுவான். அங்கேதான் பலர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தச் சில்லு தன் இருப்பை ராஸ்பெரி பைக்குத் திருப்பிச் சொல்வதே கிடையாது. அமைப்புக் கோப்பில் ஹைஃபைபெர்ரி டிஏசி என்ற வரியைச் சேர்த்திருந்தால் போதும், டிஏசி பலகையைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாலும் பட்டியலில் பெயர் வரும். ஆகவே வயரைக் கண்ணால்தான் சரிபார்க்க வேண்டும். ராஸ்பெரி பை பக்கத்தில்: பிட் கடிகாரம் 12ஆம் பின், இடம்-வலம் பிரிக்கும் கம்பி 35ஆம் பின், ஒலித் தரவு 40ஆம் பின். 38 உள்ளே வரும் ஒலிக்கானது. 40க்குப் பதில் அதில் செருகியிருந்தால் எல்லாம் சரியாகத் தெரியும், சத்தம் மட்டும் வராது.

டிஏசி பலகையில் எஸ்சிகே என்று குறித்த முனை கிரவுண்டோடு இணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இரைச்சலோ அமைதியோதான் மிஞ்சும். பின்புறத்து நான்கு ஈயப் பட்டைகளில் மூன்றாவது மட்டும் ‘ஹை’ பக்கம், மற்ற மூன்றும் ‘லோ’ பக்கம். அந்த மூன்றாவது, ஒலியடக்கும் முனை. ‘லோ’வில் இருந்தால் சில்லு வாயே திறக்காது. கடைசியாக, பிளேயர் மென்பொருள் ஒலியைத் திரைக்கான எச்டிஎம்ஐ வாய்க்கு அனுப்பிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஹெட்ஃபோனை நேரே செருகி ஒலி சிதைகிறது என்றால் அது பழுதில்லை. அந்தப் பலகை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் 2.1 வோல்ட் ஒலியை மட்டும் தருவது, 32 ஓம் ஹெட்ஃபோனை ஓட்டும் பலம் அதற்கு இல்லை. ஒலியளவுக் குமிழும் அதில் கிடையாது. மென்பொருளில் ஒலியளவை இயக்காமல் ஆம்ப்ளிஃபயரில் செருகினால் முழுச் சத்தத்தில் அலறும். மூடும் கட்டளை கொடுக்காமல் சுவிட்சைத் தட்டுவதால் மெமரி கார்டு கெடுவதும் வழக்கம். சரியாக ஓடும் நிலையில் கார்டை ஒருமுறை முழுதாக நகலெடுத்து வைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இனி உங்களுக்கு. ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு பழுதுக்கும் நான்கு வரி: அறிகுறி, ஊகம், சோதனை, முடிவு. ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். ‘மூன்றாம் பாட்டில் நின்றது, வட்டு அதிக மின்சாரம் இழுக்கிறதோ, வட்டைக் கழற்றிக் கார்டிலிருந்து ஓட்டினேன், ஒரு மணி நேரம் நிற்கவில்லை’ என்று எழுதினால் போதும். தவறிய ஊகங்களையும் அடிக்காமல் விடச் சொல்லுங்கள். வயரிங் படம் ஒன்றைச் சேர்த்து இரண்டு பக்கமாகத் தொகுத்தால் அதுவே இஏஇ எனும் முன்கூட்டிய சேர்க்கைக்கான தொகுப்பு. ‘இது ஏன் நின்றது, எப்படித் தெரியும்?’ என்று நேர்காணலில் கேட்டால், இணையத்தில் பார்த்து அப்படியே செய்த பிள்ளைக்கும் உங்கள் மகனுக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும்.

எந்தப் படிப்பு என்பதற்கு அவன் எந்த வேலையில் நேரம் போவது தெரியாமல் உட்கார்கிறான் என்று கவனியுங்கள். ஈயம் பற்றவைப்பதிலும் இரைச்சலைத் துரத்துவதிலும் என்றால் மின்னணுவியல். பாட்டுப் பட்டியல், கைத்தொலைபேசியில் தெரியும் பக்கம் என்றால் தகவல் தொழில்நுட்பம். பெட்டி செய்வதில் என்றால் இயந்திரவியல் அல்லது பொருள் வடிவமைப்பு. பிடிபடாவிட்டால் பொதுப் பொறியியல் திட்டத்தில் சேர்ந்து, முதல் பருவத்துக்குப் பின் துறையைத் தேர்ந்தெடுக்கலாம். ‘இதிலெல்லாம் பிழைப்பு உண்டா’ என்று தயங்குகிறீர்கள். சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டையை 1989இல் உலகுக்குக் கொடுத்த கிரியேட்டிவ் நிறுவனம் இந்தச் சிங்கப்பூரில் பிறந்தது. அதைத் தொடங்கிய சிம் வோங் ஹூ நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். மியூசிக் பிளேயர் காப்புரிமை வழக்கைத் தீர்க்க 2006இல் ஆப்பிள் அந்த நிறுவனத்துக்கு 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது.

ஆனால் நோட்டுப் புத்தகம் மதிப்பெண்ணுக்கு ஈடாகாது. இஏஇயில் கிடைப்பது நிபந்தனையுடன் கூடிய இடம். ஓ நிலை எழுதுபவருக்கு நிகர மொத்தப் புள்ளி (குறைய குறைய நல்லது) 26ஐத் தாண்டக்கூடாது. பொறியியல் படிப்புகளுக்குப் பொதுவாக ஆங்கிலத்தில் 7, கணிதத்திலும் தொடர்புடைய அறிவியல் பாடத்திலும் 6 என்ற தரத்துக்குள் வர வேண்டும். அவனுக்குக் கணிதம் தடுமாறுகிறது என்றால் வார நாள்களில் பிளேயரைத் தொடாமல், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் குறுக்கிடாதீர்கள்.

விண்ணப்பம் வழக்கமாக ஆண்டின் நடுவில் திறக்கும், அதற்குள் இரண்டு பக்கமும் தயாராக இருக்கட்டும். கிடைத்த இடத்தை ஏற்று உறுதிசெய்துவிட்டால், தேர்வு முடிவு எவ்வளவு நன்றாக வந்தாலும் தொடக்கக் கல்லூரிக்கும் வழியான ஜேஏஇ கூட்டுச் சேர்க்கையில் கலந்துகொள்ள முடியாது. தொடக்கக் கல்லூரி ஆசை வீட்டில் யாருக்காவது இருந்தால், உறுதி செய்வதற்கு முன்பே அவனோடு உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்.