சப் காண்ட்ராக்டரின் பாலிசி உங்கள் சைட்டுக்குச் செல்லுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். இப்போது கட்டும் இரண்டு மாடிக் கடையில் சென்ட்ரிங் வேலையை (கான்கிரீட் போட முட்டும் பலகையும் கட்டும் வேலை) பொள்ளாச்சி மேஸ்திரி ஒருவருக்கு விட்டிருக்கிறேன். ஆட்களுக்கு இன்ஷூரன்ஸ் உண்டா என்று கேட்டதற்கு, பாலிசியின் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இது போதுமா?

பதில்: போதாது. முழு பாலிசியையும் வாங்கிப் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

நீங்கள் எடுத்த வேலையில் ஒரு பகுதியை இன்னொருவருக்கு விட்டாலும், அங்கே அடிபடும் ஆளுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு உங்களையும் சேரும். 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இருந்த விதி இது. 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. கொடுத்த பணத்தை மேஸ்திரியிடம் திருப்பி வசூலிக்கலாம்தான், ஆனால் அவரிடம் இருக்க வேண்டுமே! தொகையும் சின்னதல்ல. 2020-ல் இழப்பீட்டுக் கணக்குக்கு வைத்த 15,000 ரூபாய் மாதக் கூலி வரம்பின்படி, 30 வயது ஆள் இறந்தால் இழப்பீடு சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம்.

பாலிசி கையில் வந்ததும் முதலில் வேலை நடக்கும் இடம் என்ற வரியைப் பாருங்கள். எல்லையோரத்தில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அதில் ‘கோயம்புத்தூர் மாவட்டம்’ என்று மட்டும் இருந்தால், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் உங்கள் சைட்டில் நடக்கும் விபத்துக்கு கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. சைட் முகவரியைச் சேர்த்து எண்டார்ஸ்மென்ட் (பாலிசியில் செய்த மாற்றத்துக்கு கம்பெனி தரும் காகிதம்) வாங்கி வரச் சொல்லுங்கள். அப்புறம் ஆள் கணக்கு. ‘கொத்து வேலை, 4 பேர்’ என்று எழுதிய பாலிசியை வைத்துக்கொண்டு 12 பேர் முட்டு ஏற்றினால் அந்தக் காகிதம் உதவாது. மருத்துவச் செலவு சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பல பாலிசிகளில் அதற்குத் தனி பிரீமியம்.

பாலிசி உண்மையா என்று தெரிய, போட்டோவில் இருக்கும் நம்பரையோ ஏஜென்ட்டையோ கூப்பிடாதீர்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் கிளை நம்பரை எடுத்து, பாலிசி எண்ணைச் சொல்லி, இன்றைக்கு நடப்பில் உள்ளதா, பிரீமியம் வந்துவிட்டதா என்று கேளுங்கள். பணம் வராமல் பொறுப்பேற்கக் கூடாது என்பது 1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டம். அதனால் பிரீமியம் செக் திரும்பியிருந்தால், பாலிசி கையில் இருந்தும் பயனில்லை. கொட்டேஷனையும் வேன் இன்ஷூரன்ஸையும் நீட்டுவோர் உண்டு. இரண்டுமே இதற்கு ஆகாது. நலவாரிய அட்டையும் அப்படித்தான், அது தொழிலாளிக்கு வரும் உதவி, உங்கள் பொறுப்பை ஏற்காது.

கேள்வி: என் பெயரில் ஏற்கெனவே லேபர் பாலிசி இருக்கிறது. அது அவர்களுக்கும் சேராதா?

பதில்: பொதுவாகச் சேராது. சப் காண்ட்ராக்டரின் ஆட்களையும் சேர்க்கச் சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டினால்தான் உண்டு. மேஸ்திரியால் பாலிசி எடுக்க முடியாவிட்டால் இதுவே நல்ல வழி. செலவை அவர் பில்லில் கழித்துக்கொள்வதாக முன்பே எழுதி வாங்குங்கள். பாலிசி முடியும் தேதியையும் குறித்து வையுங்கள். முதல் தளம் முடிவதற்குள் அது காலாவதியானால், புதுப்பித்தது கைக்கு வரும்வரை மேல்தளத்துக்கு முட்டு ஏற்ற விடாதீர்கள்.