கண்டி மாளிகைப் பக்கம் மத்தியானச் சாப்பாடு: அக்காவின் பதில்கள்

கேள்வி: அக்கா, கனடாவிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. ஏழு பேராக வான் பிடித்துக் கண்டிக்குப் போக இருக்கிறோம். போனமுறை தலதா மாளிகைக்குக் கிட்ட ஒரு கடையில் சாப்பிட்டோம். பில்லைப் பார்த்த அம்மா அன்று முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. சோறும் ஆறிப்போய் இருந்தது. அண்ணனின் பிள்ளைகள், அங்குள்ள சிங்கள ஆட்கள் சாப்பிடுவதைத்தான் சாப்பிட வேண்டும் என்கிறார்கள். அம்மா சைவம். எங்கே போகலாம்?
(ஒரு வாசகி, மாங்குளம்)

பதில்: தங்கச்சி, கடைப் பெயர் சொல்வதைவிடக் கடையைக் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன். கடைகள் கைமாறும், சமையல்காரர் மாறுவார். வழி மாறாது.

கிளிநொச்சிக் கச்சேரிக்குப் பக்கத்தில் நான் சோத்துப் பார்சல் கட்டி விற்றவள் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். என்னிடம் வாங்கியவர்கள் கிளார்க்குமார், பியோன்மார், பஸ் கொண்டக்டர்மார். தினமும் அதே முகங்கள். திங்கட்கிழமை பருப்பு தண்ணியாக இருந்தால் செவ்வாய்க்கிழமை பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பயத்தில்தான் விடியப்புறம் நான்கு மணிக்கு எழும்பித் தேங்காய் துருவினேன். விலையையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, அவர்களின் சம்பளம் எனக்குத் தெரியும். மாளிகைக்கு முன்னால் உள்ள கடைக்கு இந்தப் பயம் இல்லை. இன்றைக்கு வந்தவர் நாளைக்கு வரப்போவதில்லை, நாளைக்கு வேறு ஒரு பஸ் வரும். ஆகவே, நாளைக்கும் அதே ஆள் வந்து சாப்பிட்டாக வேண்டிய கடையைத் தேடுங்கள்.

கண்டியில் அது தூரமும் இல்லை. மாளிகையிலிருந்து தலதா வீதியால் மணிக்கூட்டுக் கோபுரம் பக்கம் நடந்து வாருங்கள். அதைத் தாண்டினால் மத்திய சந்தை, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், அப்புறம் பெரியாஸ்பத்திரி. இந்த நான்கையும் சுற்றித்தான் கண்டியின் உழைக்கிற சனம் சாப்பிடுகிறது: மூட்டை தூக்குபவர்கள், தாதிமார், நோயாளி பார்க்க வந்தவர்கள், தூர பஸ் சாரதிகள். ஞாயிறிலும் போயாவிலும் அலுவலகங்களை நம்பி நடக்கும் கடைகள் பூட்டிக் கிடக்கும். ஆஸ்பத்திரிப் பக்கமும் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் அப்போதும் திறந்திருக்கும்.

நேரம் முக்கியம். மாளிகையில் காலை ஒன்பதரைப் பூசைக்கு நின்றுவிட்டு, பதினொன்றரைக்கு இறங்கி நடந்தால் சரி. பன்னிரண்டுக்குக் கறிகள் சூடாக, முழுதாக இருக்கும். ஒன்றரைக்குப் போனால் நல்ல கறி முடிந்து, பருப்பும் கொஞ்சம் சம்பலும்தான் மிஞ்சும். அதற்குக் கடையைக் குறை சொல்லக்கூடாது. அன்று சமைத்தது அன்றே தீர்ந்தது என்று அர்த்தம், நல்ல கடைக்கு அதுவே அடையாளம்.

வாசலில் நின்று என்ன பார்க்க வேண்டும்? கண்ணாடிப் பெட்டிக்குள்ளோ மேசையிலோ மண்சட்டிகள் வரிசையாக இருக்கும். ஒரு மூலையில் லஞ்ச் ஷீற்றில் கட்டிய பார்சல்கள் அடுக்கியிருக்கும், வந்தவர் ஒவ்வொருவராக ஒன்றை எடுத்துக்கொண்டு காசை வைத்துவிட்டு ஓடுவார்கள். அந்த அடுக்கு உங்கள் கண் முன்னாலேயே குறைகிறதா என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். குறைந்தால் உள்ளே போகலாம். சட்டியின் விளிம்பையும் பாருங்கள். காலையில் வைத்த குழம்பு விளிம்பில் காய்ந்து கோடு விழுந்திருக்கும்; இறக்கி அரை மணித்தியாலம் ஆன குழம்பில் எண்ணெய் மேலே மிதந்து பளபளக்கும். இது சமைத்தவளின் கண்ணுக்கு உடனே தெரியும், நீங்களும் ஒருமுறை பார்த்தால் பிடித்துவிடுவீர்கள். வெளியே ஒருவர் நின்று ‘வாங்க, வாங்க’ என்று கூப்பிடும் கடையையும், நான்கு பாஷையில் படம் போட்ட மெனு அட்டை வைத்த கடையையும் தாண்டிப் போய்விடுங்கள்.

உள்ளே போனால் சிவப்பரிசிச் சோறு கேளுங்கள். பொலொஸ் என்கிற பிஞ்சுப் பலாக்காய்க் கறி இருந்தால் விடவே வேண்டாம். நீண்ட நேரம் சின்ன நெருப்பில் வேகவைத்து, கறுத்து, துண்டு உடையாமல் இருக்கும். கண்டிப் பக்கத்து அம்மாமாரின் கை அதில்தான் தெரியும், அண்ணனின் பிள்ளைகள் தேடுவதும் அதுதான். கூடவே பருப்பு, வல்லாரைச் சம்பல், நம் வறை மாதிரியான மல்லுங், ஒரு அப்பளம். சோறும் மரக்கறியும் இரண்டாம் தரம் கேட்டால் போடுவார்கள், மீன் துண்டும் இறைச்சியும் போடமாட்டார்கள். பார்சலில் சோறு தாராளமாக வரும். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று வாங்காமல் இரண்டு பேருக்கு ஒன்று வாங்கிப் பாருங்கள். ஆளுக்குச் சில நூறு ரூபாவோடு முடிந்துவிடும்.

அம்மாவின் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். சிங்களக் கடையில் ‘எலவளு பத்’ என்றால் மரக்கறிச் சோறுதான், மீன் துண்டு வைக்கமாட்டார்கள். ஆனால் தேங்காய்ச் சம்பலிலும் மல்லுங்கிலும் சில வேளை பருப்பிலும்கூட மாசிக்கருவாட்டுத் தூள் சேர்ப்பது அவர்கள் வழக்கம். அவர்கள் அதை மச்சமாக நினைப்பதில்லை, ருசிக்குப் போடும் தூளாகவே நினைக்கிறார்கள். ஒளிப்பதும் இல்லை, கேட்டால் சொல்வார்கள். ‘உம்பலகட நெத்துவ’ என்று கேளுங்கள், மாசி இல்லாமல் என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் அம்மாவை மட்டும் ஒரு தமிழ்ச் சைவக்கடைக்குக் கூட்டிப்போங்கள், கண்டி நகருக்குள் அதற்குக் குறைவில்லை. வயதான மனுசியை ‘பரவாயில்லை, சாப்பிடுங்கோ’ என்று கட்டாயப்படுத்த வேண்டாம்.

பேராதனைப் பூங்காவுக்கும் போவதாக இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. பக்கத்தில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் உணவகம் இருக்கிறது. நம் பக்கத்து அம்மாச்சி உணவகம் மாதிரியே ஊர்ப் பெண்கள் நின்று சமைத்து விற்கிறார்கள். சைவம்தான். குரக்கன் ரொட்டி, ஹெலப, இலைக்கஞ்சி எல்லாம் கிடைக்கும். அவர்கள் சமைப்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துச் சாப்பிடலாம். எனக்கு அந்த இடத்தில் தனி மரியாதை உண்டு, காசு சமைத்த பெண்ணின் கைக்கே போகிறது.

வான் சாரதியிடம் ‘நல்ல ஹோட்டல் காட்டுங்கோ’ என்று கேட்காதீர்கள். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையில் சுற்றுலா பஸ்கள் நிற்கும் வாசனைத் திரவியத் தோட்டங்களில் ஒன்றில் கொண்டுபோய் நிற்பாட்டக்கூடும். அங்கே ஆட்களைக் கூட்டி வருபவருக்குத் தனிக் கணக்கு இருக்கும். ‘தம்பி, போனமுறை வந்தபோது நீங்கள் எங்கே சாப்பிட்டீர்கள்? அங்கேயே போவோம், உங்களுக்கும் நாங்கள் எடுத்துத் தருகிறோம்’ என்று கேளுங்கள். முகம் மலர்ந்து கூட்டிப்போவார்.

கேள்வி: மெனு அட்டையில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை. இது சரியா அக்கா? நாங்கள் தமிழ் கதைப்பதால் கூட்டி எடுக்கிறார்களா?
(ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: தம்பி, பெரும்பாலும் அது பாஷையால் வருவதில்லை. அட்டையின் அடியில் பொடி எழுத்தைப் பாருங்கள். சேவைக் கட்டணம் 10 வீதம், அதற்கு மேல் வற் வரி 18 வீதம் என்று இருக்கும். அட்டையில் 1,000 ரூபா என்றால் முதலில் 1,100 ஆகி, வரியோடு 1,298 வரும். ஏழு பேர் சாப்பிட்டால் மேலதிகம் மட்டும் இரண்டாயிரத்தைத் தாண்டும். சின்னச் சோத்துக்கடைகளில் இந்தக் கூட்டல் இருக்காது, சொன்ன விலைதான்.

விலைப்பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி வைப்பது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பட்டியல் இல்லாவிட்டால் உட்காருவதற்கு முன்பே ‘பத் எகக் கீயத?’ என்று கேளுங்கள், ஒரு சோறு எவ்வளவு என்று அர்த்தம். கேட்பதில் வெட்கம் எதற்கு? அந்த ஊர் ஆட்களும் கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். பட்டியலை மீறி எடுத்தால் பில்லை வாங்கி வைத்துக்கொண்டு அந்த அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பில் இல்லாமல் முறையிட்டுப் பிரயோசனம் குறைவு.

இன்னொன்று: மேசையில் ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தால் பயப்பட வேண்டாம். எடுத்ததை மட்டும் எண்ணிக் காசு எடுப்பார்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனால் என்ன? மத்தியானம் வரை பழுதாகாதா?
(ஒரு வாசகி, பரந்தன்)

பதில்: தாராளமாகக் கட்டலாம். ஆனால் தேங்காய்ப்பால் விட்ட கறியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் வேண்டாம், வானுக்குள் வெக்கையில் பத்து மணிக்கே புளித்துவிடும். தேங்காயை வறுத்து, செத்தல் மிளகாயும் புளியும் வைத்து இடித்த சம்பல், கருவாட்டுப் பொரியல், கத்தரிக்காய்ப் பொரியல், முட்டை இவை தாங்கும். சோற்றை நன்றாக ஆறவிட்டு, நெருப்பில் வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துக் கெட்டுவிடும். லஞ்ச் ஷீற்றுக்குள் கட்டினால் இன்னும் கெதியாக வேர்க்கும்.

வழியில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றால், காலைச் சாப்பாட்டை அந்தப் பக்கத்திலேயே முடிக்கலாம். கருவாடும் முட்டையும் வைத்த பார்சலைக் கோயில் வீதிக்குள் பிரிக்காதீர்கள். கண்டியில் வாவிக் கரையிலும் பிரித்துச் சாப்பிட வேண்டாம், குரங்குகள் வரும்.