சிறுவயதில் கழுத்திலும் மார்பிலும் பெற்ற கதிர்வீச்சு: ஏற்காட்டுச் சகோதரிக்குப் பதில்

வணக்கம் சகோதரி. 12 வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காகக் கழுத்திலும் மார்பிலும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றதாகவும், இப்போது 31 வயதில் ஒண்டிக்கடையிலிருந்து வீட்டுக்கு ஏறும் மேட்டிலேயே மூச்சு வாங்குவதாகவும், மருத்துவர் இரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள்.

இரத்தசோகையாகவும் இருக்கலாம், ஆனால் பழைய சிகிச்சையைக் கணக்கில் கொள்ளாமல் அப்படி முடிவு கட்டக் கூடாது. மார்பில் பட்ட கதிர்வீச்சு இதயத்தின் இரத்தக் குழாய்களையும் வால்வுகளையும் இளம் வயதிலேயே பாதிக்கக்கூடும். அட்ரியாமைசின் போன்ற புற்றுநோய் மருந்தும் சேர்த்துத் தரப்பட்டிருந்தால் இதயத் தசையும் பலவீனப்படலாம். ஆகவே, தள்ளிப்போடாமல் சேலத்துக்கு இறங்கி, இதய மருத்துவரிடம் இந்த வரலாற்றைச் சொல்லி, ஈ.சி.ஜி.யும் எக்கோவும் (இதய ஸ்கேன்) எடுத்துவிடுங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

கழுத்தில் பட்ட கதிர்வீச்சு பல ஆண்டுகள் கழித்தும் தைராய்டு சுரப்பியை மந்தமாக்கும் என்பதால், டி.எஸ்.ஹெச். என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனை ஆண்டுதோறும் தேவை. எனக்கும் 9 வயதில் கழுத்தில் கதிர்வீச்சு தரப்பட்டது. சோம்பேறி என்று வீட்டில் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் காரணம் தைராய்டுதான் என்பது 26 வயதில்தான் தெரிந்தது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மார்பில் 10 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்பதால், 25 வயது அல்லது சிகிச்சைக்குப்பின் 8 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து ஆண்டுதோறும் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), மார்பக எம்.ஆர்.ஐ. பரிசோதனைகள் பரிந்துரைக்கப்படுகின்றன, அவற்றைத் தொடங்கும் அந்த வயதை நீங்கள் கடந்துவிட்டீர்கள். எத்தனை கிரே, எந்தப் பகுதியில், என்னென்ன மருந்துகள் என்ற விவரத்தை அன்று சிகிச்சையளித்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிடுங்கள்.