போனில் கேட்கிற பாட்டு பிரீமியரில் ஏன் வராது?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "மாசியில் எங்கள் தோட்டத்தில் நடந்த காமன் கூத்தை வீடியோ எடுத்தேன். ரதி புலம்புகிற பாட்டு தப்புச் சத்தத்தில் மூழ்கிவிட்டது. மாமா அதைத் தனியாகப் பாடி வட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட்டாக அனுப்பினார். போனில் நன்றாகக் கேட்கிறது. கணினியில் வீடியோ வெட்டித் தொகுக்கிற பிரீமியர் 2019-க்குள் போட்டால், இந்த வகை பைல் ஏற்கப்படாது அல்லது தேவையான கோடெக் இல்லை என்கிறது. பைல் பெயரை எம்பி3 என்று மாற்றியும் சரிவரவில்லை. டவுனில் ஒரு கடையில், விண்டோஸை அடித்துப் புதிதாகப் போட வேண்டும், 7,500 ரூபா ஆகும் என்கிறார்கள். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். உங்கள் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமாவின் பாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

வட்ஸ்அப் வாய்ஸ் நோட்டு 'ஓபஸ்' என்ற முறையில் சுருக்கப்பட்டு வருகிறது. சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டுகிற லய வீட்டிலும் குரல் போய்ச் சேருவது அதனால்தான். அதை விரித்து வாசிக்கிற பகுதி, அதாவது 'கோடெக்', உங்களிடம் இருக்கிற பிரீமியரில் இல்லை, அவ்வளவுதான். பெயரை மட்டும் மாற்றுவது மண்ணெண்ணெய்ப் போத்தலில் தேங்காய் எண்ணெய் லேபல் ஒட்டுவது மாதிரி. பழைய பெயரையே திரும்ப வையுங்கள்.

விஎல்சி என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். 'மீடியா' மெனுவில் 'கன்வர்ட் / சேவ்' என்று இருக்கும். அதில் பாட்டைச் சேர்த்து, 'ஆடியோ – சிடி' என்ற வகையைத் தெரிவு செய்யுங்கள். பக்கத்தில் இருக்கிற ஸ்பேனர் படத்தை அழுத்தினால் 44,100 என்று ஒரு எண் தெரியும். வீடியோ வேலைக்கு அதை 48,000 ஆக்குவது நல்லது. புதுப் பெயர் கொடுத்து ஓட விட்டால் 'வேவ்' பைல் கிடைக்கும். பிரீமியர் அதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும். நிமிடத்துக்குச் சுமார் 11 எம்பி பிடிக்கும், பயப்படாதீர்கள். பைல் பெரிதானாலும் குரல் முன்பைவிடத் தெளிவாகிவிடாது, குறையவும் குறையாது.

இந்தப் பத்து நிமிட வேலைக்குத்தான் 7,500 ரூபா. ஒரு நாள் கொழுந்தெடுத்தால் என்ன சம்பளம் என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரியாதா? அதைவிடப் பெரிய ஆபத்து, 'அடித்துப் போடுவதில்' உங்கள் கூத்து வீடியோவும் சேர்ந்து அழிந்துபோகலாம். போன வருஷம் ஒரு பிள்ளை என்னிடம் லெப்டொப்போடு வந்தாள். இறந்துபோன பாட்டியின் ஒப்பாரிப் பதிவு அதில் இருந்திருக்கிறது. இதே மாதிரி ஒரு சின்ன எரருக்காகக் கடையில் கொடுத்திருக்கிறாள். திரும்பி வந்தபோது வட்டு முழுக்கக் காலி. இரண்டு நாள் தேடினேன், பாட்டியின் குரல் கிடைக்கவில்லை. 'கோடெக் பேக்' என்று பென்டிரைவில் விற்பதையும் வாங்காதீர்கள். பிரீமியர் பெரும்பாலும் தனக்குள் இருப்பதைக் கொண்டே பைலை வாசிக்கிறது. வெளியே எதைக் கொட்டினாலும் அதற்குத் தெரியாது. இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்லும் இணையத்தளங்களில் பெரிய பச்சைப் பட்டன்கள் வரும். அவற்றில் பாதி விளம்பரம், அமுக்கினால் வேண்டாததெல்லாம் கணினிக்குள் குடியேறும்.

'இது ஓபஸ் பைல், மாற்றிக் கொண்டுவா' என்று ஒரு வரி சொல்ல முடியாத மென்பொருள்காரர்களால்தான் இந்தக் கடைகள் பிழைக்கின்றன. விண்டோஸோ பைல் பெயரின் வாலையே, அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வந்து பைலின் வகையைச் சொல்கிற எழுத்துகளையே, மறைத்து வைக்கிறது. நம் பிள்ளைகள் சாதாரண தரத்துக்குத் தகவல் தொழினுட்பம் படித்துச் சித்தியும் அடைகிறார்கள், அந்த வாலை எங்கே பார்ப்பது என்று யாரும் காட்டிக் கொடுப்பதில்லை. பைல்கள் தெரிகிற ஜன்னலில் 'வியூ' மெனுவுக்குப் போய் 'பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைப் போட்டு வையுங்கள்.

ஒரேயொரு இடத்தில் மட்டும் நான் சொன்னது பலிக்காது. மாமா வட்ஸ்அப்பில் அல்லாமல் போனின் ரெக்கோடரில் பாடி, சேமிப்பதற்கு முன்பே பட்டரி இறங்கி போன் நின்றிருந்தால் கதை வேறு. ரெக்கோடர்கள் பெரும்பாலும் எம்4ஏ என்ற வகையில் பதியும். அந்த வகையில், எந்தச் சத்தம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். கொழுந்தை எடை போட்டாயிற்று, சம்பளத்துக்குப் பெயர் பதிகிற செக்ரோலில் பெயர் விழவில்லை, அதே நிலைமை. சத்தம் உள்ளே கிடக்கும், ஆனால் விஎல்சி உட்பட எதுவும் அதைத் திறக்காது. பைலின் அளவைப் பாருங்கள். பூச்சியம் என்றால் கைவிட வேண்டியதுதான். சில எம்பி இருந்தால் அழிக்காதீர்கள். அதே போனில், அதே ரெக்கோடரில், அதே செட்டிங்கில் இன்னொரு சின்னப் பதிவு எடுங்கள். அந்த நல்ல பைலை மாதிரியாக வைத்து உடைந்ததன் அட்டவணையைத் திரும்பக் கட்டுகிற 'அன்ட்ரங்க்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. எல்லா முறையும் கைகொடுக்காது, ஆனால் முயன்று பார்க்காமல் விடக்கூடாது.

இன்னொன்று: போனைக் கேபிளில் இணைத்து அதிலிருந்தே நேராக பிரீமியருக்குள் இழுக்காதீர்கள், முதலில் கணினியில் ஒரு ஃபோல்டருக்குள் கொப்பி பண்ணுங்கள்.

மாமாவிடம் இன்னொரு முறை பாடச் சொல்ல முடியுமானால், ரெக்கோடரில் பதிந்து, வட்ஸ்அப்பில் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் வட்ஸ்அப் அதை மேலும் சுருக்காது. இப்போது கையில் இருக்கிற வாய்ஸ் நோட்டையும் இன்றைக்கே பென்டிரைவில் ஒன்று, வேறொருவர் கணினியில் ஒன்று என்று இரண்டு இடத்தில் கொப்பி எடுத்துவிடுங்கள்.