குறுக்கெழுத்துக்குக் கைப்பேசி வேண்டுமா? கேள்வி பதில்

கைப்பேசியில் தேடி விடை போடுவது ஏமாற்று வேலையா சார்?

பரிசுப் போட்டி என்றால் அதன் விதிப்படி நடந்துகொள்ளுங்கள். மற்றபடி உங்கள் கட்டம், உங்கள் பேனா, யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்த விடை எப்படி வந்தது என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்க முடியவில்லை என்றால், அதைப் போட்டதாக நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

எழுத்துகளைக் கலைத்துப்போடும் குறிப்புகளுக்கு மட்டும் செயலி வைத்துக்கொள்ளலாமா?

ஆங்கிலத்தில் ஒன்பது, பத்து எழுத்து கலைந்து கிடந்தால் ஆசை வருவது நியாயம். தமிழ் க்ரிப்டிக்கில், அதாவது குறிப்பிலேயே சொல்விளையாட்டை ஒளித்துவைக்கும் குறுக்கெழுத்தில், எதற்கு? இதைப் பாருங்கள்: ‘கலைந்த கனவாம், ஏறிச் செல்லலாம் (4)’. ‘கலைந்த’ என்பதால் க, ன, வா, ம் என்ற நான்கையும் மாற்றி அடுக்க வேண்டும். ‘ம்’ பெரும்பாலும் கடைசியில்தான் நிற்கும். ‘ன’ தமிழில் சொல்லுக்கு முதலில் வராது. அப்புறம் மிஞ்சுவது வாகனம், வானகம், கவானம், கொடுத்த கனவாம். செயலி வாகனத்தையும் வானகத்தையும் சேர்த்தே நீட்டும். எதில் ஏறிச் செல்லலாம் என்று நீங்கள்தானே முடிவு செய்ய வேண்டும்?

தெரிந்த எழுத்தைப் போட்டு, மற்ற இடத்தில் கேள்விக்குறி வைத்துத் தேடினால் வரமாட்டேன் என்கிறதே?

கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் முறையான யூனிகோடு செய்யும் வேலை. ‘தாமரை’ நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, கால், ம, ர, ஐகாரக் குறி என்று ஐந்து. தமிழுக்கென்றே எழுதிய நிரல் இல்லாவிட்டால் மூன்று கேள்விக்குறிக்குத் தாமரை சிக்காது.

அகராதி பார்ப்பதும் ஏமாற்று வேலையில் சேருமா?

சேராது. ‘மானைக் கொடு, குளத்தில் பூக்கும் (3)’ என்ற குறிப்புக்கு விடை தாமரை. கொடு என்றால் தா, சரி. மரை ஒரு வகை மான் என்பது தெரியாதவர்கள் நிறையப் பேர். விடையை ஊகித்துவிட்டு அதை உறுதிசெய்ய அகராதியைப் புரட்டினால், புதுச் சொல் ஒன்று கையோடு வரும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பிரிட்டனின் ‘அப்சர்வர்’ இதழில் 1972இல் தொடங்கிய அசெட் என்ற க்ரிப்டிக் புதிர்களுக்குச் சேம்பர்ஸ் ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும்படி அந்த இதழ்க்காரர்களே பரிந்துரைத்தார்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்கலாமா?

கேளுங்கள். விடையைவிட அது சொல்லும் விளக்கத்தைச் சந்தேகப்படுங்கள். தப்பான விடைக்கும் அழகாக ஒரு காரணம் ஜோடித்துவிடும்.

எவ்வளவு நேரம் முட்டி மோதிவிட்டு உதவி தேடலாம்?

நேரக் கணக்கு வேண்டாம். குறுக்கே வெட்டும் சொற்களை முதலில் முடியுங்கள். ஓரெழுத்து கிடைத்தாலும் பாதிப் பூட்டு திறக்கும். அதற்கும் மசியவில்லையா, தாளை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள். அடுத்த நாள் விடை வரத்தானே போகிறது.